மடிப்பு விழும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் நாற்பது ஆண்டுகளாகக் காலணி தைக்கிறேன். நார்வேயில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன், விடுமுறைக்கு வந்தபோது தன் டெலிமார்க் பனிச்சறுக்கு பூட்ஸை என் முன்னால் வைத்து, "அப்புச்சி, விரல்மேல் அழுத்துகிறது, பாருங்கள்" என்றான்.

இந்தச் சறுக்கலில் முன்பாதம் மட்டுமே பலகையோடு பிணைந்திருக்கும், குதிகால் மேலெழும். முழங்காலை மடக்கித் தாழ்ந்துதான் திரும்புவார்கள். அதனால் பூட்ஸின் முன்புறம் வாத்தின் அலகுபோல் நீண்டு, 75 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தது. அடியில் மூன்று துளைகள்; பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பிணைப்பின் மூன்று முளைகள் அவற்றில் உட்காரும். விரல்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக்கில் துருத்திபோல் மடிப்பு. எவ்வளவு அழகான வேலை!

பேரனின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து ஒப்பிட்டேன். பாதம் மடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் மடிப்பு விழுந்தது. நீளம் கூடுதலாக வாங்கிவிட்டான்; அதனால்தான் மடிப்பு விரல்மேல் அழுத்தியது.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுதான் நடக்கிறது. "வளரும் பிள்ளை" என்று இரண்டு அளவு கூட்டி வாங்குகிறார்கள். ஜூலையில் நகம் கறுத்த குழந்தைகளை என்னிடம் அழைத்துவருகிறார்கள், மனம் பொறுக்கவில்லை. கடைக்காரர்கள் விரல்நுனியை அழுத்திப் பார்த்தால் போதாது. பிள்ளையைக் காலுறையோடு நிற்கவைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலும் அளக்க வேண்டும்.

காலணித் தொழிலாளி,
கோபிசெட்டிபாளையம்