ஒரு சாண் உயரம்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குப் பரீட்சை, வீட்டில் இருமினால்கூட முறைக்கிறார்கள், அதனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியைக் குனிந்து பிடித்து நிமிரும் பயிற்சி, செய்தால் முதுகு போய்விடும் என்கிறார்களே, நீ இன்னும் செய்கிறாயா என்று கேட்டிருந்தாய். செய்கிறேன். ஆனால் நடுவில் மூன்று மாதம் நிறுத்தியிருந்தேன். 110 கிலோ, ஐந்தாவது முறை, இடுப்புக்கு மேலே சுளீரென்று பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர்.

முதுகை நேராக வை என்று எல்லோரும் சொன்னார்கள், கம்பி எவ்வளவு தாழ்வாகக் கிடக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. போட்டிகளில் கம்பியின் இரு முனையிலும் மாட்டும் பெரிய எடைத் தட்டின் விட்டம் 45 செ.மீ., அதை மாட்டினால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ., ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் நிற்கும். எங்கள் ஜிம்மில் பெரிய தட்டு ஒரே ஜோடி, அதுவும் எப்போதும் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில்தான் மாட்டியிருக்கும், நான் குட்டித் தட்டுகளாக அடுக்கிக் கிட்டத்தட்ட கணுக்காலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு குனிந்தால் என் முதுகு வளையாமல் என்ன செய்யும்? இப்போது இரண்டு பக்கமும் தட்டுகளைப் படுக்கப்போட்டு அதன்மேல் கம்பியை ஏற்றி வைக்கிறேன். 60 கிலோவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், கூச்சமாகத்தான் இருந்தது.

கம்பி ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும், தூக்கும்போது காலை உரசிக்கொண்டே வரட்டும், விலகினால் பாரமெல்லாம் இடுப்புக்கு வரும். ஷூ என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த மெத்து மெத்தென்ற ஓட்ட ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நில். அப்புறம், வயிறு நிறைய மூச்சிழுத்து இறுக்கிக்கொள். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிற்றின் தளர்வை எடுத்துவிட்டுத்தானே வாளியை இழுப்போம், அதேபோல் கை விறைக்கும்வரை கம்பியை இழுத்துப் பிடித்த பிறகு காலால் தரையை அழுத்து. வெடுக்கென்று இழுக்காதே.

எடை தூக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் இப்போது வேண்டாம். அது முதுகைத் தாங்குவதில்லை, வயிறு அழுத்துவதற்கு ஒரு சுவர், அவ்வளவுதான்.

2016-ல் பிரிட்டிஷ் பலசாலி எடி ஹால் டெட்லிஃப்டில் 500 கிலோ தூக்கிய வீடியோவை அனுப்பியிருந்தாயே, மூக்கில் ரத்தம் வந்ததைக் கவனித்தாயா? நான்கு வருடம் கழித்து, 2020-ல், ஐஸ்லாந்துப் பலசாலி பியோர்ன்சன் அதைவிட ஒரே ஒரு கிலோ கூடுதலாகத் தூக்கினார். நீ என்னடாவென்றால் வாரம் பத்துக் கிலோ ஏற்றுகிறேன் என்கிறாய். இரண்டரை போதும்டா.

நாளைக்கு ஜிம்முக்குப் போனதும் தரைக்கும் கம்பிக்கும் நடுவில் கையை விரித்து அளந்து பார்த்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
குண்டன் (இப்போது 78 கிலோதான்)