கடலுணவு சாலட்டுக்கு மயோனைஸ் வேண்டாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கடலுணவு சாலட் செய்முறையைப் படித்தேன். மீன் என்றால் குழம்பு, இல்லாவிட்டால் வறுவல் என்றே பழகிப்போன மதுரை வீடுகளுக்கு, அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் எளிய உணவு ஒன்றை எடுத்துச் சொன்னது வரவேற்கத்தக்கது. ஆனால், இறாலையும் கணவாயையும் ஒன்றாகப் போட்டுப் பதினைந்து நிமிடம் வேகவைக்கச் சொல்லியிருப்பதும், அதில் முட்டை மயோனைஸைக் கலந்து விருந்தினர் வரும்வரை மேசையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருப்பதும் திருத்தப்பட வேண்டியவை.

முதலில் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸைத் தயாரிக்கவும், இருப்பு வைக்கவும், விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெலங்கானா அரசு 2024 அக்டோபரிலேயே அத்தகைய தடையைக் கொண்டுவந்திருந்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வேகாத முட்டையின் வழியே பரவக்கூடும் என்பதே காரணம். வீட்டில் மிக்ஸியில் அடித்தாலும் முட்டை பச்சை முட்டைதான். முட்டை சேர்க்காத பாட்டில் வகைகளில் இந்த அபாயம் இல்லை என்றாலும், அவற்றிலும் கணிசமான பங்கு எண்ணெய் என்பதால், ‘ஆரோக்கியமான சாலட்’ என்ற தலைப்பின் கீழ் அவற்றைத் தாராளமாகக் கொட்டச் சொல்வது பொருத்தமாக இல்லை.

அதற்கு மாற்று நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. கால் கிலோ இறாலுக்கும் கால் கிலோ கணவாய்க்கும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி செக்கு நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டி கடுகுத்தூள் ஆகியவை போதும். உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே அதை முதலில் எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைச் சேர்த்து, மூடியுள்ள சிறு பாட்டிலில் ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். சாறும் எண்ணெயும் உடனே பிரிந்துவிடாமல் சற்று நேரம் பிடித்து வைக்கும் வேலையைக் கடுகுத்தூள் செய்கிறது. நல்லெண்ணெயின் வாசம் தூக்கலாகத் தெரிந்தால் பாதியளவு கடலை எண்ணெய் கலந்துகொள்ளலாம். கெட்டியாக வேண்டுவோர் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரைப் பயன்படுத்தலாம். மீனுடன் தயிர் சேர்ந்தால் உடம்பில் வெண்புள்ளி வரும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. இருந்தாலும் பெரியவர்கள் முகம் சுளிக்கும் வீட்டில் நல்லெண்ணெயோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

அடுத்து, வேகவைக்கும் நேரம். இந்த உணவின் ருசி முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஓடு நீக்கி, முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்த நடுத்தர அளவு இறாலுக்கு, உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் நீரில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் போதும். சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல இருந்த சதை இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மாறி, அரைவட்டமாக வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். தலையும் வாலும் முட்டுமளவுக்குச் சுருண்டுவிட்டால் பதம் தப்பிவிட்டது என்று பொருள். கணவாய் வளையங்களைத் தனியாகப் போட வேண்டும். அவற்றுக்கு ஒன்றரை நிமிடமே அதிகம். அதைத் தாண்டினால் ரப்பராகிவிடும். மறுபடி மெதுவாவதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும், அது குழம்புக்குத்தான் ஆகும். வெந்ததை உடனே குளிர்ந்த குடிநீரில் அமிழ்த்தினால் மேற்கொண்டு வேகாது. மீன் வாங்கிவந்த பையிலிருக்கும் மார்க்கெட் ஐஸை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது உண்ணும் பொருளில் சேர்ப்பதற்கான ஐஸ் அல்ல. பிறகு நீரை வடித்துத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் சாலட் சளசளத்துப் போகும்.

காய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு எங்கள் அண்ணாநகரில்தான் தொடங்கப்பட்டது. அங்கே கிடைக்கும் வெள்ளரிக்காய், விதை நீக்கிய தக்காளி, சின்ன வெங்காயம், கொத்தமல்லி, பருவத்தில் கொஞ்சம் கிளிமூக்கு மாங்காய் ஆகியவையே தாராளம். உப்பு பட்டதும் வெள்ளரி நீர் விடும் என்பதால், பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் குலுக்கி வைத்த எலுமிச்சை எண்ணெய்க் கலவையைச் சேர்க்க வேண்டும்.

மதுரை கடலோர ஊர் அல்ல. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து ஐஸில் அடுக்கி வரும் மீனைத்தான் நாம் கரிமேட்டிலும் நெல்பேட்டையிலும் வாங்குகிறோம். தலை கழன்று தொங்காமல், அங்கங்கே கறுத்துப் போகாமல், மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருக்கும் இறாலாகப் பார்த்து வாங்க வேண்டும். கணவாயை வெட்டித் தரும் அக்காவிடம் “வளையமாப் போடுங்கக்கா” என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் கை பழகியபடி குழம்புத் துண்டாகத்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் வரத்து குறைவு, விலையும் கூடுதல். அப்போது பண்ணையில் வளர்த்த வனாமி இறாலைத் தயங்காமல் வாங்கலாம், இந்த சாலட்டுக்கு அது நன்றாகவே இருக்கும்.

மேசையில் வைத்துக் காத்திருக்கும் யோசனைக்கு வருகிறேன். சமைத்த கடலுணவைக் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி; சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து குவியும் நாட்களில் எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. எலுமிச்சை ஊற்றியிருக்கிறதே, கெடாது என்று சிலர் நினைக்கிறார்கள். புளிப்பு சதையை வெளுக்க வைக்குமே தவிர, கிருமிகளை நிச்சயமாகக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. அதே காரணத்தால், பள்ளி டிபன் பாக்ஸுக்கும் இது ஏற்றதல்ல. இறால், நண்டு ஆகியவற்றால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நன்றாக வேகவைப்பதாலும் பாதுகாப்புக் கிடைக்காது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கலாம்.

எனவே, வரும் ஞாயிறு இணைப்பில் அந்தச் செய்முறைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், இனிமேல் கடலுணவுக் குறிப்புகளை அச்சிடும்போது எத்தனை நிமிடம் வேக வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்ற இரண்டையும் தவறாமல் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அண்ணாநகர், மதுரை