'பழகிவிடும்' என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ஜப்பான் வேலைக்கு ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் கடலூர், புதுச்சேரி நிலையங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உங்களில் ஒருவருடைய நிலையத்தில் படித்துத் தேறி, டொயாமா நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். சொந்த ஊர் தேவனாம்பட்டினம். எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. மற்ற ஊர்ப் பெண்களிடம் பேசிய வரையில், நான் சொல்லப்போகும் குறை பல இடங்களிலும் இருக்கிறது.

அண்மையில் எங்கள் விடுதிக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி பண்ருட்டிப் பக்கம், மற்றவள் புதுச்சேரி. வந்த சில நாள்களிலேயே விடியற்காலையில் ஒரு சிறு நிலநடுக்கம். இங்கே பிறந்தவர்கள் புரண்டு படுத்துக்கொள்ளும் அளவுதான். பண்ருட்டிப் பெண் பதறி எழுந்து, வெறுங்காலோடு கட்டடத்தின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் ஓடினாள். படிகளில் பனி உறைந்து கிடந்தது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே மாவுக்கட்டு. மருத்துவமனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நிலநடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் சொல்லிக் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். "வகுப்பில் நானே கேட்டேன் அக்கா. அங்கே அடிக்கடி வரும், பழகிவிடும் என்று சொன்னார்கள்" என்றாள்.

நான் கேட்டபோதும் இதே பதில்தான் கிடைத்தது. நான் வந்த பிறகு எத்தனையோ அணிகளை நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். பதில் மட்டும் மாறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. விமானம் ஏறும் முன் ஒவ்வொருவருக்கும் நிலநடுக்கப் பயிற்சி கொடுங்கள். அதைத் தமிழில் கொடுங்கள்.

நீங்கள் ஒன்றுமே கற்றுத்தரவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, பெரியவர்கள் முன்னால் எவ்வளவு குனிந்து வணங்குவது, குப்பையை எத்தனை விதமாகப் பிரித்துக் கட்டுவது என்று எல்லாவற்றையும் கற்றுத்தந்தீர்கள். மொழித் தேர்வுக்காக எங்களோடு இரவெல்லாம் கண்விழித்த ஆசிரியையை நான் மறக்கவில்லை. இவ்வளவு செய்பவர்களுக்கு இன்னும் ஒரு நாள் ஒதுக்க ஏன் மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

கடலூர்க்காரர்களுக்கு இயற்கைச் சீற்றம் புதிதல்ல என்று நீங்கள் நினைக்கலாம். புயலை எங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றினால் படகை எங்கே இழுத்துக் கட்ட வேண்டும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' கரையேறியபோதும், வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி வாங்கி வைக்க நேரம் இருந்தது. நிலநடுக்கம் அப்படிப்பட்டது அல்ல. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் ஏற்பட்ட அதிர்வைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்த ஓர் இரவை வைத்து எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கம் வந்துவிடவில்லை.

இங்கே கைப்பேசியில் வரும் முன்னெச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நிலம் உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்பும். முதலில் வருவது வேகமானது, அதிகம் சேதம் செய்யாது. பின்னால் வருவதுதான் வீட்டைக் குலுக்குவது. முதல் அலையைக் கருவிகள் பிடித்தவுடன், இரண்டாவது வந்து சேரும் முன் எச்சரிக்கை போய்விடும். கிடைப்பது சில விநாடிகள். நடுக்கம் தொடங்கும் இடம் பக்கத்திலேயே இருந்தால் அதுவும் கிடையாது. அந்தச் சில விநாடிகளில் யோசிக்க முடியாது. மேசைக்கு அடியில் புகு, தலையை மூடு, மேசைக் காலைப் பிடித்துக்கொள், குலுக்கல் நிற்கும் வரை வெளியே ஓடாதே என்பதெல்லாம் உடம்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1981-இல் இந்த நாட்டின் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதன்பிறகு கட்டிய கட்டடத்தில் உள்ளே இருப்பவரைவிட, ஓடு விழும், கண்ணாடி விழும் தெருவுக்கு ஓடுகிறவருக்குத்தான் பெரும்பாலும் ஆபத்து. ஊரில் நமக்குத் தெரிந்ததெல்லாம் 'பூமி ஆடினால் வெளியே ஓடு' என்பதுதான். அதை நம்பித்தான் அந்தப் பெண் ஓடினாள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பாட்டி. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் படுக்கையைச் சுற்றியிருக்கும் திரைகளின் கொக்கிகள் மேலே கம்பியில் கிளுகிளுவென்று ஆடின. தண்ணீர்க் குவளையில் வளையம் வளையமாக அலை. தலை சுற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டில் கம்பியில் கட்டியிருந்த துணிப்பையைக் காட்டினார். உள்ளே ஒரு ஜோடி காலணி, டார்ச் விளக்கு, விசில். இரவில் கண்ணாடி உடைந்து சிதறினால் வெறுங்காலோடு நடக்க முடியாது, ஆகையால் காலணி எப்போதும் கட்டிலோடு இருக்க வேண்டும் என்று சைகையிலேயே விளக்கினார். கடலூரில் பணம் கட்டிப் படித்தபோது கிடைக்காத பாடத்தை, நான் பராமரிக்க வேண்டிய ஒரு முதியவரிடம் கற்றுக்கொண்டேன்.

2024 ஜனவரி 1 உங்களுக்கும் நினைவிருக்கும். மாலை 4.06-க்கு ஓர் அதிர்வு. முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில், 4.10-க்கு டொயாமாவுக்கு அருகில் உள்ள நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பெரிய நிலநடுக்கம். வாஜிமா போன்ற ஊர்களில் வீடுகள் தரைமட்டமாகி 200-க்கும் மேற்பட்டவர்கள் நேரடியாக உயிரிழந்தார்கள். டொயாமாவுக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தது. எங்கள் இல்லம் கடலுக்கு அருகில். மின்தூக்கி தானாகவே நின்றுவிட்டது. புத்தாண்டு விடுமுறை என்பதால் பணியில் சிலரே இருந்தோம். சக்கர நாற்காலிகளின் பிரேக்கைப் போடு, தலையணையால் தலையை மூடு, கதவைத் திறந்து வை, நிலை கோணினால் திறக்க முடியாது என்று மூத்த ஊழியர் கத்திக்கொண்டே செய்து காட்டினார். நடமாட முடியாதவர்களை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றினோம். என் கைப்பேசி கீழே அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

அப்போது கடலூரில் மதியம் 12.40. ஜப்பானில் 7.6, சுனாமி என்று தொலைக்காட்சியில் ஓடியதை என் அம்மா பார்த்தார். 2004 டிசம்பர் 26 காலையில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அலைக்கு முன்னால் ஓடித் தப்பியவர் அவர். சுனாமி என்று காதில் விழுந்த பிறகு அவருக்கு வேறு எதுவும் ஏறாது. எனக்கு அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடனே ஷேர் ஆட்டோ பிடித்து உங்கள் நிலையத்துக்கு வந்தார். புத்தாண்டு, பூட்டியிருந்தது. பெயர்ப் பலகையில் இருந்த எண்ணை எடுக்க ஆள் இல்லை. வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்திருக்கிறார். டொயாமா என்று என் அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை. அந்த ஊரின் பெயரைக்கூட ஒரு தாளில் எழுதி யாரும் அவர் கையில் கொடுத்திருக்கவில்லை. இங்கே இரவாகி நான் செய்தி அனுப்பும் வரையில் அந்தப் படியில்தான் இருந்தார்.

மறுநாள் நிலையம் திறந்ததும் அம்மா மீண்டும் போனார். உங்கள் அலுவலகத்தில் சொன்ன பதில்: "அங்கே இது தினமும் நடப்பதுதான் அம்மா. உங்கள் பெண்ணுக்குப் பழகிவிடும்."

ஐயா, எதைப் பழகிக்கொள்ளச் சொல்கிறீர்கள்? சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த தெருவில் இருந்து வந்த ஒரு தாயிடம் சொல்லும் வார்த்தையா அது?

7.6 என்பது நிலநடுக்கம் தொடங்கும் இடத்தில் அதன் மொத்த வலிமை, உங்கள் மகள் இருக்கும் ஊரில் எவ்வளவு குலுங்கியது என்பதற்கு இங்கே 'ஷிந்தோ' என்று வேறு ஓர் அளவு உண்டு, அது 0 முதல் 7 வரை போகும், வாஜிமாவில் 7 என்றால் டொயாமா நகரில் 5-க்குச் சற்று மேல் என்று விளக்கியிருக்கலாம். குரல் அழைப்பு சிக்கிக்கொண்டாலும் எழுத்துச் செய்தி பெரும்பாலும் போய்விடும், பதில் வரத் தாமதமானால் பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஷிந்தோ 5 அளவுக்குக் குலுங்கினால் வீட்டு எரிவாயு மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்ளும். அடுப்பு, வெந்நீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கசிவு வாசனை இல்லை என்று பார்த்துக்கொண்டு, மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் காத்திருந்தால் மீண்டும் வந்துவிடும். இது தெரியாமல், அந்த ஜனவரிக் குளிரில் பக்கத்து விடுதியில் இருந்த நம் பெண்கள் நாள்கணக்கில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, ரொட்டியைத் தின்று கிடந்தார்கள். எரிவாயுவே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஜப்பான் வானிலை முகமை நேபாளியிலும் பர்மிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் எச்சரிக்கைத் தகவல் தருகிறது. தமிழில் இல்லை. அதற்கு அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழர்களை அனுப்புவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நீங்கள். தமிழில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுடையது. வேலைக்குப் போகும் முன் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ஜப்பான் இல்லை. ஆகவே அரசின் கண் இந்தப் பக்கம் அவ்வளவாக விழுவதும் இல்லை. அந்த வசதி உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நகை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பத்திடம் சம்பளக் கணக்கைக் காட்டுகிறீர்கள், மலர் பூத்த மரங்களின் படத்தைக் காட்டுகிறீர்கள். ஆபத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவசரமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறீர்கள். சொன்னால் சேர்க்கை குறையும் என்ற பயமா? உண்மையைச் சொன்னதால் பின்வாங்குகிறவரை இங்கே அனுப்பி என்ன ஆகப்போகிறது? 2025 ஆகஸ்ட்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் அறிவித்த திட்டப்படி, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவில் இருந்து 50,000 திறன் பணியாளர்கள் இங்கே வரப்போகிறார்கள். அதில் நம் மாவட்டப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களையும் இப்படியேதான் அனுப்பப் போகிறீர்களா?

கோபத்தில் எழுதிய வரிகள் புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஒரு முழு நாள் நிலநடுக்கப் பயிற்சி, தமிழில். மேசைக்கு அடியில் புகுவதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், எச்சரிக்கை ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். ஓர் அதிர்வுக்குப் பின் பெரியது வரலாம் என்று சொல்லுங்கள்; குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 அன்று 6.5 வந்து, 16-ஆம் தேதி 7.3 வந்தது. போய்ச் சேர்ந்த அன்றே தங்குமிடத்துக்கு அருகில் உள்ள பாதுகாப்பு மையத்துக்கு ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரையும் அந்த வகுப்புக்கு அழைத்து, மகள் இருக்கும் ஊர், முகவரி, நிறுவனத்தின் எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். விடுமுறை நாளிலும் ஒருவர் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும்.

பாடக் குறிப்பை நானும் இங்குள்ள தோழிகளும் சேர்ந்து எழுதிவிட்டோம். எங்கள் மேலாளரிடம் காட்டிச் சரிபார்த்தும் வாங்கிவிட்டோம். யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறோம். காணொளி அழைப்பில் வகுப்பு எடுக்கச் சொன்னால், என் வார விடுமுறை நாளில் எடுக்கத் தயார். உங்கள் அடுத்த அணி விரைவில் புறப்படப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அவர்கள் கிளம்புவதற்கு முன் அந்த ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் என்று தெரிவித்தால் என் பணி நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி,
டொயாமா, ஜப்பான்