வகுப்பை விடுமுன் கேட்க வேண்டியது: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களே, வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோரே,

வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் நம் சங்கங்கள் கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கூட்டம் போடுகின்றன. எஸ்ஏடி மதிப்பெண், விண்ணப்பக் கட்டுரை, எந்தப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நன்றாக இருக்கும் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. செமஸ்டர் நடுவில் ஒரு பிள்ளை வகுப்பை விட்டுவிட்டால் அது வாங்கும் அரசு உதவித்தொகை என்ன ஆகும் என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி) மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவள் என்பதால் இதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

நம்மவர்கள் எல்லாரும் ஐடி சம்பளக்காரர்கள், நமக்கு எங்கே உதவித்தொகை கிடைக்கப் போகிறது என்று சங்கக் கூட்டங்களில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. அண்ணனோ அக்காவோ மனு போட்டு, 15 வருடத்துக்கு மேல் காத்திருந்து, ஐம்பது வயதில் கிரீன் கார்டோடு வந்து இறங்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஊரில் பள்ளி ஆசிரியராகவோ வங்கியிலோ இருந்தவர் இங்கே கடையில் நின்று வேலை செய்கிறார். கூட வந்த பிள்ளை பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறது. வேலை போன வீடுகள் உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் உண்டு. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து, வருமானம் குறைவாகவும் இருந்தால், ஃபாஃப்சா (கல்வி உதவிக்கான மத்திய அரசின் விண்ணப்பம்) படிவம் வழியாக, மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்கும். 2025-26 கல்வியாண்டுக்கு அதன் உச்ச அளவு 7,395 டாலர். அந்த வீடுகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. உங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்காமல் எழுந்து போகிறவர்கள் இவர்கள்தான்.

நம் பெற்றோருக்குத் தெரிந்த கல்லூரி, அரியர் வைக்கும் கல்லூரி. ஒரு பேப்பர் போனால் போகட்டும், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அந்த நினைப்பிலேயே இங்கும், "கெமிஸ்ட்ரி கஷ்டமா இருந்தா விட்டுடு கண்ணு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். சொல்கிறவரிடம் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் இங்கே விட்ட வகுப்போடு பணமும் சேர்ந்து போகலாம். எப்போது விட்டோம், எத்தனை விட்டோம், சொல்லிவிட்டு விட்டோமா சொல்லாமல் விட்டோமா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

எல்லா வகுப்புகளையும் விட்டுவிடுவதுதான் இதில் பெரிய அடி. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் 1998இல் செய்த திருத்தப்படி, மத்திய அரசின் உதவித்தொகையை மாணவர் நாள் கணக்கில் "சம்பாதிக்க" வேண்டும். செமஸ்டரில் 60 சதவீத நாட்களைத் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் அவருடையது. அதற்கு முன் எல்லாவற்றையும் விட்டால், இருந்த நாட்களுக்கு உரிய பங்கு மட்டும்தான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் செமஸ்டருக்கு அந்த 60 சதவீதம் ஏறத்தாழ அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும். அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கும் மாணவரைப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 110 நாள் செமஸ்டர். பெல் கிராண்ட் வழியாக ஏறத்தாழ 3,700 டாலர் வந்திருக்கிறது. கல்லூரிக் கட்டணம் 1,800. அதைக் கழித்துக்கொண்டு மீதி 1,900 டாலரைக் கல்லூரி மாணவி கையில் கொடுத்துவிட்டது. அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வீட்டு வாடகைக்கும் போயிற்று. 33ஆம் நாள், அதாவது 30 சதவீதத்தில், அவள் எல்லா வகுப்புகளையும் விடுகிறாள். அவள் சம்பாதித்தது 1,110 டாலர். சம்பாதிக்காத 2,590 டாலர் திரும்பிப் போக வேண்டும். இதில் கல்லூரியின் பங்கு, கட்டணத்தில் 70 சதவீதம், அதாவது 1,260 டாலர். அதைக் கல்லூரி 45 நாட்களுக்குள் அரசுக்குத் திருப்பிவிடும். மீதி 1,330 மாணவியின் பங்கு. ஆனால் கிராண்ட் தொகையில் பாதி வரைக்கும் மாணவரிடம் கேட்கக் கூடாது என்ற பாதுகாப்பு இருப்பதால், இந்தக் கணக்கில் அரசுக்கு அவள் எதுவும் தர வேண்டியதில்லை.

அப்பாடா என்று இங்கே நிறுத்திவிட முடியாது. கல்லூரி திருப்பிக் கொடுத்த அந்த 1,260 டாலருக்கு என்ன ஆனது? கட்டணத்தைத் திரும்பப் பெறும் கெடு பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். 33ஆம் நாளில் வகுப்பில் இல்லாவிட்டாலும் கட்டணம் முழுவதும் கட்டியாக வேண்டும். அரசுப் பணம் திரும்பிப் போய்விட்டதால் அந்த 1,260 டாலர் இப்போது அவள் பேரில் கல்லூரிக்குக் கடன். பில் வரும்போது ஒன்றிரண்டு மாதம் ஓடியிருக்கும். கட்டும் வரை பெரும்பாலும் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. அப்படியே கிடந்தால் வசூல் நிறுவனத்துக்குப் போகும். படிப்பை நிறுத்தியதற்குக் காரணமே பணக் கஷ்டம் என்றால், திரும்பி வருவதற்கான கதவும் பணத்தாலேயே மூடிவிடுகிறது. இந்த விதி நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அரசின் பணம் வீணாகக் கூடாது என்பது சரி. ஆனால் நடுவில் நின்றுவிடுகிறவர்களில் பலர் உடம்பு சரியில்லாதவர்கள், வேலை நேரம் மாறியவர்கள், வீட்டில் யாரையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். கல்லூரி தன் கட்டணத்தை முழுசாக வைத்துக்கொள்ள, பாரம் அவர்கள் தலையில் விழுகிறது. விதி மாறும்வரை, இருப்பதைத் தெரிந்துகொண்டு நடக்கத்தான் வேண்டும்.

சொல்லாமல் நின்றுவிடுவது இன்னும் மோசம். நம் பிள்ளைகள் பலர் இதைத்தான் செய்கிறார்கள், கூச்சத்தால். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், ஆபீசில் எதுவும் சொல்வதில்லை. எல்லாப் பாடத்திலும் எஃப் வந்து நிற்கும்போது கல்லூரி கேட்கும் கேள்வி, இவர் உண்மையிலேயே எழுதித் தோற்றாரா, நடுவிலேயே போய்விட்டாரா என்பதுதான். வருகைப் பதிவேடு கட்டாயமில்லாத கல்லூரிகளில், போய்விட்டார் என்று முடிவானால் பாதி செமஸ்டரோடு நின்றதாகக் கணக்கு வைக்கலாம். அல்லது கடைசியாகப் படிப்பு சம்பந்தமாக ஏதாவது செய்த நாளை எடுத்துக்கொள்வார்கள். ஆன்லைன் வகுப்பில் லாகின் செய்தது மட்டும் வருகை ஆகாது. அசைன்மென்ட் கொடுத்திருக்க வேண்டும், தேர்வு எழுதியிருக்க வேண்டும், கலந்துரையாடலில் ஏதாவது பதிந்திருக்க வேண்டும். எஃப் வாங்கியது மிச்சம், பணமும் திரும்பிப் போகும்.

சரி, நாலு வகுப்பில் ஒன்றை மட்டும் விட்டால்? வழக்கமான செமஸ்டர் வகுப்புகளில் மேலே சொன்ன திருப்பிக் கொடுக்கும் கணக்கு வராது. எட்டு வாரக் குறுகிய வகுப்புகள் எடுத்திருந்தால் கணக்கு வேறு, தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்சஸ் தேதி (உதவித்தொகைக்காக மாணவர் எடுத்த வகுப்புகளைக் கணக்கெடுக்கும் நாள்) என்று ஒன்றை வைத்திருக்கும் கல்லூரிகளில் அதற்கு முன் விட்டால் பெல் கிராண்ட் குறையும். 2024-25இலிருந்து எடுக்கும் கிரெடிட்டின் (ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள பாட அலகு) விகிதத்துக்கு ஏற்பத்தான் தருகிறார்கள்: 12 கிரெடிட்டுக்கு முழுசும், 9 எடுத்தால் 75 சதவீதம். தேதி தாண்டிய பிறகு விட்டால் பெரும்பாலும் கிராண்ட் குறையாது, மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (வகுப்பை விட்டார் என்ற குறி) என்று வரும். ஜிபிஏவை, அதாவது மதிப்பெண் சராசரியை, அது தொடாது. அதனால்தான் சீனியர் பிள்ளைகள், "டபிள்யூ வாங்கினா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகும். உதவித்தொகை தொடர வேண்டுமானால் படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஜிபிஏ ஒரு பக்கம் இருக்க, எடுத்த கிரெடிட்டில் எத்தனையை முடித்தார் என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும். டபிள்யூ என்பது எடுத்த கணக்கில் ஏறும், முடித்த கணக்கில் ஏறாது. 15 கிரெடிட் எடுத்து இரண்டு வகுப்பை, அதாவது 6 கிரெடிட்டை விட்டால் 60 சதவீதம்தான். முதல் முறை எச்சரிக்கைக் கடிதம் வரும், அடுத்த செமஸ்டரும் அப்படியே போனால் உதவி நின்றுவிடும். மொத்தமாகவும் ஒரு எல்லை உண்டு: 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 கிரெடிட் வரைதான் உதவி. விட்டு விட்டு எடுத்ததெல்லாம் அந்த 180க்குள் அடக்கம். பெல் கிராண்டுக்கே ஆயுளுக்கு 12 முழு செமஸ்டர்தான். கல்விக் கடன் வாங்கியவர் பாதி நேரப் படிப்புக்குக் கீழே, வழக்கமாக 6 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால், கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்குவதற்கு முன் தரும் ஆறு மாத அவகாசம் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டங்களும் உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர்ப் பருவத்திலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் பட்டம் முடிக்கும்வரை மொத்தம் ஆறு வகுப்புகளைத்தான் விடலாம். நோய், குடும்பத்தில் மரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ் என்னும் மாநில உதவித்தொகை வாங்கும் பிள்ளை, வகுப்பு மாற்றும் கெடு தாண்டி ஒன்றை விட்டால் அந்த வகுப்புக்கான உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். டாலஸ், ஹூஸ்டன், டாம்பா சங்கங்கள் இதை அவசியம் சொல்லித்தர வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என்ன ஆனாலும் வகுப்பை விடாதே என்று பிள்ளையை நெருக்கிவிடாதீர்கள். விடுவதுதான் சரி என்கிற நேரங்கள் உண்டு. மன அழுத்தத்தில் எழுந்திருக்கவே முடியாத பிள்ளையை 60 சதவீதம் வரை தாக்குப்பிடி என்று சொல்வது தவறு. உடம்பும் உயிரும்தான் முதலில். ஒரு கடினமான பாடத்தில் எஃப் வாங்கி ஜிபிஏவைக் கெடுத்துக்கொள்வதைவிட டபிள்யூ எவ்வளவோ மேல். நான் கேட்பதெல்லாம், விடுவதற்கு முந்தின நாள் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசுக்கு (உதவித்தொகை அலுவலகம்) போய், "இன்றைக்கு விட்டால் எனக்கு எவ்வளவு பில் வரும், என் உதவித்தொகை தொடருமா" என்று கேட்க வேண்டும் என்பதுதான். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. சில நேரம் ஒரு வாரம் தள்ளினாலே கணக்கு மாறிவிடும். சில நேரம் நாலில் ஒன்றை மட்டும் தக்கவைத்தாலே போதும்.

நமக்கே உரிய ஒரு சூழ்நிலையும் இருக்கிறது. அக்டோபரில் மதுரையிலோ தஞ்சாவூரிலோ பாட்டி தவறிவிடுகிறார். குடும்பமே கிளம்புகிறது, பிள்ளையும் கூடப் போகிறது, காரியம் முடிந்து வர மூன்று வாரம். அந்த அவசரத்தில் யாரும் பேராசிரியருக்கு எழுதுவதில்லை. திரும்பி வரும்போது பாதி வகுப்பு போய்விட்டது, மீதியையும் பிள்ளை விட்டுவிடுகிறது. விமானம் ஏறுமுன் இரண்டு வரி எழுதியிருந்தால் அவகாசம் கிடைத்திருக்கலாம், அல்லது இன்கம்ப்ளீட் (பாடம் இன்னும் முடியவில்லை என்ற தற்காலிகக் குறி) போட்டு அடுத்த செமஸ்டரில் முடிக்க விட்டிருப்பார்கள். அதுவும் தவறிப்போய் உதவித்தொகை நின்றுவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். உறவினர் மரணம், நோய், காயம் ஆகியவற்றை விதியே காரணமாக ஏற்கிறது. ஊரிலிருந்து வரும்போது இறப்புச் சான்றிதழின் நகலையும் விமானச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் என்ன நடந்தது என்பதோடு, இப்போது என்ன மாறியிருக்கிறது, இனி எப்படி முடிக்கப் போகிறார் என்பதையும் பிள்ளை எழுத வேண்டும். அந்த இரண்டாவது பகுதி இல்லாத கடிதங்கள்தான் நிறையத் திரும்பி வருகின்றன.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. 1974இன் ஃபெர்பா என்னும் கல்விப் பதிவு ரகசியச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் பதிவுகள் பிள்ளைக்கே சொந்தம். பிள்ளை கையெழுத்துப் போட்டுத் தராமல் நீங்கள் போன் செய்தால் பெரும்பாலும் நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம். ஆகவே விஷயம் உங்களுக்குத் தெரிய ஒரே வழி, பிள்ளை வாய் திறப்பதுதான். அடுத்த வீட்டுப் பையன் மிச்சிகனில் படிக்கிறான், நீ ஒரு கெமிஸ்ட்ரியை முடிக்க மாட்டேன் என்கிறாய் என்று பேசும் வீட்டில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. எங்கள் ஆபீசுக்கு நேரம் தாண்டி வரும் பிள்ளைகளிடம், ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டால், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்கிறார்கள்.

சங்கப் பொறுப்பாளர்களே, சேர்க்கைக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் உங்கள் வாட்ஸாப் குழுவில், அவரவர் கல்லூரியின் சென்சஸ் தேதியையும் 60 சதவீதத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஒரு செய்தி போடுங்கள். அக்டோபர் நடுவில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். ஏற்கனவே கல்லூரிக்குப் பில் பாக்கி வைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால், தவணை முறையில் கட்டித் திரும்பச் சேர பல கல்லூரிகளில் வழி உண்டு என்று சொல்லி, கூடவே ஒரு பெரியவரை ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் கூட்டத்தில் வந்து பேச யாரும் கிடைக்காவிட்டால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் எய்ட் ஆபீசைக் கூப்பிட்டுப் பாருங்கள். முறையாக அழைத்தால் வந்து பேச எங்களைப் போன்றவர்கள் தயாராகவே இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு கம்யூனிட்டி காலேஜ் மாணவர் வழிகாட்டி