எண்ணெய்ப் பசை முகத்துக்கும் ஈரப்பதம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்ற பொருள்படத் தங்கள் நாளிதழின் சருமப் பராமரிப்புக் கட்டுரையில் எழுதப்பட்டிருந்தது சரியன்று. சருமம் சுரக்கும் எண்ணெய் வேறு, மேல்தோலில் தங்கியிருக்கும் நீர் வேறு. முகம் எண்ணெயாய் மின்னும்போதே நீர்ச்சத்து குறைந்து, தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் உணர்வதும் உண்டு. அத்தகையோர் கிளிசரின், ஹையலூரானிக் அமிலம் போன்ற நீரை ஈர்க்கும் பொருள்கள் கொண்டதும், துளைகளை அடைக்காதது என்று குறிப்பிடப்பட்டதுமான ஜெல் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். வறண்ட சருமத்துக்கோ ஈர்ப்பது மட்டும் போதாது. ஈர்த்த நீர் ஆவியாகாமல் காக்கும் பெட்ரோலேட்டம் (வாசலினில் உள்ள பசை), செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு வகை) போன்றவை சேர்ந்த கெட்டியான கிரீமே கைகொடுக்கும். நெற்றியும் மூக்கும் எண்ணெயாகவும் கன்னங்கள் வறண்டும் இருக்கும் கலப்புச் சருமத்தினர் ஒரே கிரீமைக் கன்னங்களில் சற்றுக் கூடுதலாகவும் நெற்றி, மூக்கில் மெல்லியதாகவும் பூசினால் பெரும்பாலும் போதும் (விற்பவர்கள் இரண்டு டப்பா வேண்டும் என்றே சொல்வார்கள்).

எளிதில் சிவந்து எரியும் சருமத்தினர் நறுமணம் சேர்க்காததையே நாட வேண்டும். ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பிவிடலாகாது. தாவர எண்ணெய்களின் மணப்பொருள்களும் ஒவ்வாமையை உண்டாக்கும். புதிதாக வாங்கியதை முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்ப்பது நல்லது.

கட்டுரை பூசும் முறையைத் தொடவே இல்லை. கழுவிய முகத்தை ஒற்றியெடுத்து, ஈரம் சற்று மீந்திருக்கும்போதே, அழுத்தித் தேய்க்காமல் பூச வேண்டும். பகலில் அதன் மேல் சன்ஸ்கிரீன் பூச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்