கதாநாயகனிடமும் தாள் கேளுங்கள்: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்தை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையின் அடுத்த பாகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் வசனம் எழுதுவோருக்கும் வணக்கம்.

2018 ஜூனில் ஒரு மலைத்தொடரைக் காட்டிவிட்டுப் போனீர்கள். அது எந்த மாகாணம், அங்கே யார் அரசர் என்பதெல்லாம் உங்கள் பாடு. அந்த மண்ணில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் எப்படி அந்த ஊர்க்காரர் ஆகிறார் என்பதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறோம். ஒரு காலத்தில் இதை நீங்களே அருமையாகச் செய்தீர்கள். பிறகு கைவிட்டீர்கள். எங்கே கைவிட்டீர்கள், திரும்பக் கொண்டுவந்தால் எங்கெங்கே இடிக்கும் என்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

2002இல் வந்த மூன்றாம் பாகமான மொரோவிண்டில் ஆட்டம் தொடங்குவதே ஓர் அலுவலகத்தில்தான். கைதிக் கப்பலிலிருந்து செய்டா நீன் துறையில் இறங்குகிறோம். குடிக்கணக்கு மற்றும் சுங்க அலுவலகத்தில் பெயர், தொழில், பிறந்த ராசி எல்லாவற்றையும் பதிந்து தாளைக் கையில் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கேப்டனிடம் அதைக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். ஆட்டக்காரர் தன் கதாபாத்திரத்தை உருவாக்கும் வேலையையே அரசாங்கப் பதிவேடாக மாற்றியிருந்தீர்கள். அதைவிட நல்ல தொடக்கத்தை இன்றுவரை நாங்கள் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் முதலில் காதில் விழும் பட்டம் ‘அவுட்லேண்டர்’. தமிழில் இதற்கு அச்சு அசலாக ‘வந்தேறி’ என்ற சொல் இருக்கிறது, அதே கசப்போடு. கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த மண்ணின் இனமான டன்மரையே தேர்ந்தெடுத்து, சாம்பல் தோலும் சிவப்புக் கண்ணுமாக வந்து நின்றாலும் அவர் வந்தேறிதான். ரத்தத்தைக் கேட்காமல் எங்கே வளர்ந்தாய் என்று கேட்கிற ஊர் அது. அந்த ஒரு முடிவால் எந்த இனத்தைத் தேர்ந்தாலும் ஆட்டக்காரர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

உள்ளே போக அங்கே மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் மூன்று வகையான குடியுரிமை.

முதலாவது வெறும் அனுமதிச் சீட்டு. அந்த நாட்டின் பெரிய குடும்பங்களில் ஒன்றான டெல்வானியின் சாட்ரித் மோரா நகரில் வந்தேறிகள் நடமாட விருந்தோம்பல் தாள் வாங்க வேண்டும். கேட்வே விடுதியில் உள்ள அதிகாரியிடம் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். தொகை பெரிதில்லை, ஆனால் தாள் இல்லாவிட்டால் விடுதியும் பக்கத்து ஏகாதிபத்தியக் கோட்டையும்தான் உங்கள் எல்லை என்பது தெரிந்தவுடன் அந்த நகரத்துக் காற்றே மாறிவிடும். (தாள் வாங்கிய பிறகும் முழுதாக உள்ளே போய்விட முடியாது என்பது தனி வேடிக்கை. டெல்வானி மந்திரவாதிகளின் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கட்டடமே கேட்கும்.)

இரண்டாவது, பெரிய குடும்பங்களில் சேர்வது. ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி மூன்றில் ஒன்றுதான். ஒன்றில் கைவைத்தால் மற்ற இரண்டின் கதவு மூடிவிடும். ஹ்லாலுவிலும் ரெடோரனிலும் உள்ள பதவிகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம்: கூலியாள், ஏவலாள், சத்தியம் செய்தவர், சட்டக்காரர், உறவினர், வீட்டுப் பங்காளி, வீட்டுச் சகோதரர், வீட்டுத் தகப்பன், அதற்கு மேல் ஆலோசகர், உச்சியில் குடும்பத் தலைவர். கூலிக்கு வந்தவன் ஐந்தாம் படியில் உறவாகிறான், எட்டாம் படியில் தகப்பனாகிறான். குடியுரிமை என்ற சொல்லையே பயன்படுத்தாமல் அதன் முழு ஏணியையும் உறவுமுறைகளால் கட்டியிருக்கிறீர்கள். ‘பங்காளி’ என்றவுடனே உரிமையும் சண்டையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏணியில் ஏறும் முறையும் கச்சிதம். குடும்பம் மதிக்கும் திறன்களில் ஒன்று உயரமாகவும் வேறு இரண்டு ஓரளவாவதும் இருக்க வேண்டும். சொன்ன வேலைகளை முடித்திருக்க வேண்டும். நடுப்படிக்கு மேலே போக ஆலோசகர் ஒருவர் உங்களுக்காகப் பேச வேண்டும். ஹ்லாலுவில் கிராசியஸ் கியூரியோ, ரெடோரனில் அதின் சரேத்தி, டெல்வானியில் ஆரியோன். கியூரியோ தாமே ஏகாதிபத்தியத்திலிருந்து வந்தவர். வந்தேறிக்குச் சிபாரிசு செய்ய முன்வருபவர் முந்தைய வந்தேறி. சரேத்தியோ தம் மகனை மீட்டுக்கொண்டு வந்தால்தான் வாயைத் திறப்பார். இதற்குப் பிறகு சொந்தமாக மாளிகை கட்டப் போனால் குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது. எபன்ஹார்ட்டில் உட்கார்ந்திருக்கும் பேரரசின் பிரபு வெடம் ட்ரெனிடம் கட்டுமான ஒப்பந்தமும் வாங்க வேண்டும். மண் குடும்பத்துடையது, அதன்மேல் சட்டம் பேரரசருடையது. இரண்டு அதிகாரங்களின் நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மூன்றாவது, ஆஷ்லேண்டர் பழங்குடிகளிடம் ஏற்பு பெறுவது. உர்ஷிலாக்குத் தலைவர் சுல்-மட்டூல் தாள் எதையும் கேட்பதில்லை. தங்கள் இடுகுழிக் குகைகளுக்குள் போய் முன்னோர் ஒருவரின் வில்லை எடுத்து வரச் சொல்கிறார். எடுத்து வந்தால் குலத்தின் நண்பர். நண்பர்தான், குலத்தவர் அல்ல! அந்த இடைவெளியை நீங்கள் அப்படியே விட்டுவைத்தது எங்களுக்குப் பிடித்திருந்தது.

மறுக்கும் விதத்தையும் பார்த்துவிடலாம். மூன்று குடும்பங்களும் உங்களைப் போர்த்தலைவராக ஏற்க வேண்டிய கட்டத்தில், ரெடோரன் தலைவர் நேரே வாளை எடுத்து விவெக் நகர அரங்குக்குக் கூப்பிடுகிறார். ஹ்லாலுவின் கியூரியோ ஆயிரம் காசு கேட்கிறார். டெல்வானித் தலைவர் கோத்ரென் என்ன செய்கிறார்? யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். அடுத்த முறை போனாலும் அதே பதில். அந்தப் பதில் ஒருபோதும் வராது. எந்த அலுவலக ஜன்னலிலாவது ‘அடுத்த வாரம் வாங்க’ கேட்டவர்களுக்கு கோத்ரெனை உடனே அடையாளம் தெரியும். கடைசியில் ஆட்டக்காரர் அவரைக் கொன்றுவிட்டு அடுத்தவரிடம் போகிறார். இதைத் தீர்வாக நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் மறுப்பில் இத்தனை வகை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். மொரோவிண்டில் பூனை உருவக் காஜீத்தும் பல்லி உருவ ஆர்கோனியரும் சட்டப்படியே அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். பேரரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை அதை அனுமதிக்கிறது. ஆனால் ஆர்கோனியராக விளையாடுபவர் டெல் அருன் அடிமைச் சந்தையைக் கடந்து கைவீசிப் போகலாம். கதாநாயகனுக்குச் சட்டம் பொருந்தாது என்ற வியாதி அங்கேயே விதையாக இருந்தது.

2011இல் வந்த ஐந்தாம் பாகமான ஸ்கைரிமில் அது மரமானது. விண்ட்ஹெல்ம் மதிலுக்குள் ஆர்கோனியர் குடியிருக்கக் கூடாது, துறைமுகக் கொட்டடியில்தான் கிடக்க வேண்டும். காஜீத் வணிகர்கள் நகர வாசலுக்கு வெளியே கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள். இதையெல்லாம் வசனமாகச் சொல்கிறீர்கள், காட்டுகிறீர்கள், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஆர்கோனியராக விளையாடும் ஒருவர் அதே வாசல் வழியாக உள்ளே போய், உரிய வேலைகளை முடித்து, 12,000 காசுக்கு ஹ்ஜெரிம் மாளிகையை வாங்கி, ‘யார்ல்’ எனப்படும் அந்த ஊர் ஆட்சியாளரிடம் ‘தேன்’ (Thane) என்ற கௌரவப் பட்டமும் பெறுகிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தன் இனத்தாரைப் பற்றி அந்தப் பட்டமளிப்பில் ஒரு வரி கிடையாது.

தேன் பட்டமே அங்கே மலிவாகிவிட்டது. வைட்ரனில் முதல் டிராகன் விழுந்ததும் கேட்காமலே வருகிறது. 5,000 காசுக்கு வீடு, கூடவே ஒரு மெய்க்காவலர். மற்ற ஊர்களில் சிலருக்கு உதவி செய்து ஒரு வீடோ நிலமோ வாங்கினால் போதும். ஒன்பது மாவட்டங்களிலும் ஒரே ஆள் தேன் ஆகலாம். ஒன்பது ஊர்க்காரன் எந்த ஊர்க்காரன்? இத்தனைக்கும் ஸ்கைரிமில் ஓர் அருமையான வாசல் இருக்கிறது. ரிஃப்டனில் காவலர் ‘வருகை வரி’ கேட்டு மடக்குவார். காசு கொடுக்கலாம், மிரட்டலாம், இது பகல்கொள்ளை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். வெளியூர்க்காரன் என்பதால் மட்டும் நடக்கும் ஒரு சம்பவம். அது முதல் தடவையோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் குறை.

ஏன் இப்படி ஆனது என்பதும் ஓரளவு தெரியும். மொரோவிண்டின் உரையாடல் பெரும்பாலும் எழுத்து. இனம், குடும்பம், பதவி பார்த்து நூறு விதமாக வணக்கம் சொல்ல வைப்பது ஓர் எழுத்தாளரின் மாலைநேர வேலை. 2006இல் வந்த நான்காம் பாகமான ஒப்ளிவியனிலிருந்து எல்லா வசனமும் குரலாயிற்று. ஒவ்வொரு கூடுதல் வரிக்கும் நடிகர், ஒலிப்பதிவு, வட்டில் இடம். ஆகவே வரி குறைந்தது, அதோடு வந்தேறியும் காணாமல் போனார். ஆனால் குடியுரிமைக்கு வசனம் அதிகம் தேவையில்லை. இனம் என்ன, எந்தக் குழுவில் எந்தப் பதவி, பையில் எந்தப் பொருள் எத்தனை என்று பார்க்கும் நிபந்தனைகள் ஆட்டத்தை வடிவமைக்கும் உங்கள் கிரியேஷன் கிட் கருவியிலேயே இருக்கின்றன. கடை திறக்குமா, படுக்கை கிடைக்குமா, கதவு பூட்டியிருக்குமா என்பதை அவற்றோடு கோத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நாள் கணக்கை நம்பாதீர்கள். ‘முப்பது நாள் குடியிருந்தால் உரிமை’ என்று எழுதினால் எழுதியவரே ஏமாறுவார். ஸ்கைரிமில் நிஜ நேரத்தைவிட இருபது மடங்கு வேகமாகக் காலம் ஓடுகிறது. ஒரு நாள் என்பது 72 நிமிடம், முப்பது நாள் 36 மணி நேரம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காத்திரு பொத்தானை 24 மணி நேரம் வைத்து முப்பது தடவை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரு காப்பி ஆறுவதற்குள் குடிமகன். காலாவதித் தேதியும் இதே வழியில் எதிர்ப்பக்கம் கெடும். தொலைதூரத்துக்கு வேகப்பயணம் போய்த் திரும்பினாலே தாள் செத்துவிடும். நாளுக்குப் பதில் செயலை எண்ணுங்கள். அந்த ஊரில் வாடகைப் படுக்கையில் தூங்கிய இரவுகள், அந்த ஊர்ச் சந்தையில் கட்டிய வரி, அந்த ஊர்க்காரருக்கு முடித்துக் கொடுத்த வேலை. இரவுகளை எண்ணும்போது ஒரே நாளில் பலமுறை தூங்கி எழுவதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் ஓர் ஓட்டை கண்டுபிடித்துவிடுவோம்.

தாளைப் பொருளாகவே வையுங்கள். கைவிட முடியாத குவெஸ்ட் (கதைப்பணி) பொருளாக ஆக்கிவிட்டால் அது பையில் கிடக்கும் ஒரு டிக் குறிதான். கீழே விழட்டும், திருடு போகட்டும், பிறரிடம் விற்கப்படட்டும். ஆனால் பெட்டிக்குள் இருநூறு சாமான்களோடு போட்டுவிட்டு மறப்பவர்கள் நிச்சயம் உண்டு. அதற்காக அலுவலகத்தில் பதிவேடு இருக்க வேண்டும். உண்மை பதிவேட்டில், தாள் வெறும் நகல். தொலைந்தால் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பதிவேட்டையே திருத்த நினைப்பவருக்கு இரவில் பூட்டு உடைக்கும் வழியும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

காவலர் எத்தனை தடவை நிறுத்துவார் என்பதில்தான் எல்லாம் நிற்கும் அல்லது விழும். ஒவ்வொரு முறையும் மடக்கினால் மூன்றாம் நாளே மோட் (ரசிகர்கள் எழுதும் மாற்றுநிரல்) போட்டு அவரை நீக்கிவிடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் முதல் முறை முழுச் சோதனை, பிறகு அந்த வாசல்காரருக்கு முகம் பழகிவிட்டது என்று விட்டுவிடலாம். வேறு வாசலில், ஊரில் கொலை நடந்த மறுநாளில், முகமூடி போட்டுக்கொண்டு வந்தால் மறுபடி கேட்கட்டும்.

சிபாரிசு செய்தவர் செத்தால் என்ன ஆகும்? ஸ்கைரிமின் கூடுதல் பாகமான டான்கார்ட் வந்தபோது இரத்தக்காட்டேரிகள் ஊருக்குள் புகுந்து கடைக்காரர்களைக் கொன்றது நினைவிருக்கும். ஜாமீன்தாரர் அப்படிச் செத்தால் விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கக் கூடாது. அவரைச் சாகாவரம் பெற்றவராக்குவது சோம்பேறித் தீர்வு. ஜாமீனை அவருடைய வாரிசுக்கு மாற்றுங்கள். அந்த வாரிசுக்கு ஆட்டக்காரரைப் பிடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

லஞ்சமும் பேச்சுத்திறமையும் அங்கேயே பகடை உருட்டித் தீர்வாகும்வரை, சேவ் செய்து லோட் செய்து ஜெயிக்கும்வரை உருட்டுவோம். முடிவை மூன்று நாள் கழித்து, விண்ணப்பித்த நேரத்திலேயே தீர்மானித்து வைத்தபடி சொல்லுங்கள். நிராகரித்தால் காரணமும் மறுபடி எப்போது கேட்கலாம் என்பதும் தெரிய வேண்டும்.

உரிமைகளைப் பிரித்துக் கொடுங்கள். நகருக்குள் நுழைய, இரவு தங்க, கடை போட, நிலம் வாங்க, வழக்கில் சாட்சி சொல்ல, பதவி வகிக்க, ஆறும் ஆறு படிகள். ஒரே பட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் ஏணி இருக்காது. பறிப்பதும் அப்படியே படிப்படியாக நடக்கட்டும். தேன் என்று சொல்லி ஒரு குற்றத்திலிருந்து ஒரே ஒருமுறை தப்பும் வசதியை ஸ்கைரிமில் கொடுத்தீர்களே, அது நல்ல சலுகை. அதைப் பயன்படுத்தினால் ஒரு படி இறங்க வேண்டும் என்றிருந்தால் மூன்று தடவை யோசித்திருப்போம். இரண்டாவது ஊரில் சத்தியம் செய்யும்போது முதல் ஊரில் எதை இழக்கிறோம் என்பதும் கையெழுத்துக்கு முன்பே திரையில் தெரியட்டும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் சோதனைக் குழுவிடம் ஒரு வேலை கொடுங்கள். புதிய ஆட்டம், அந்த நாடு வெறுக்கும் இனம், ஒரு குவெஸ்டும் தொடங்காத கதாபாத்திரம், பையில் 50,000 காசு. நேராகத் தலைநகர வாசலுக்குப் போய் வீடு வாங்க முயலச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாவி கையில் வந்துவிட்டால், வாசற்காவலரின் நிபந்தனைகளிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
செய்டா நீன் அலுவலகத்தில் இன்னும் பதிவிலிருக்கும் சில வந்தேறிகள்