பள்ளி நூலக, எழுத்தறிவு மேம்பாட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பள்ளிகளுக்குப் புதிய நூல்களை வழங்குவதைக் காட்டிலும், ஏற்கெனவே அங்கிருக்கும் நூல்களைக் குழந்தைகளின் கைக்குக் கொண்டுசேர்ப்பதே முதல் வேலை என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அதன்படி பள்ளிகளுக்குச் சென்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் கண்டவை பூட்டிய அலமாரிகளும் வரிசை பிசகாத இருப்புப் பதிவேடுகளுமே. இதற்காக ஆசிரியர்களைக் குறை கூறுவது நியாயமன்று. தொலைந்த நூலுக்குப் பதிவேட்டின் பொறுப்பாளரே விலை கட்ட நேரும் என்ற அச்சம் இருக்கும்வரை அலமாரி திறக்காது. 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதை நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவதாக வைத்தார். அதனை எடுத்துரைத்து, நைந்தவற்றையும் தொலைந்தவற்றையும் ஆண்டுதோறும் முறைப்படி கணக்கிலிருந்து கழிப்பதற்குத் தலைமையாசிரியர்கள் சிலரின் இசைவைப் பெற்றோம். அவர்களுடைய பள்ளிகளில் இப்போது பிள்ளைகள் நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். இவ்வாண்டின் பணிகளில் நான் பெரிதாக மதிப்பது இதனையே.

அலமாரி திறந்தபின் இன்னொரு குறை தெரிந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலுள்ள பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்துகளிலேயே செலவாகிவிடுவதால், வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. அப்பிள்ளைக்கு வகுப்பைப் பார்த்து நூல் கொடுத்தால், வாசிப்பின்மீது வெறுப்புதான் மிஞ்சும். ஆகவே வகுப்புவாரியாக அடுக்குவதை விடுத்து, வாசிப்பு நிலைக்கேற்ப வண்ணத் தாள் ஒட்டி, எந்த நிலையிலிருந்தும் எவரும் எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தோம். ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக்காட்டிய நூலையே மறுநாள் பிள்ளைகள் தேடி வந்து கேட்டது மகிழ்ச்சியளித்தது.

1967 முதல் கொண்டாடப்பட்டுவரும் உலக எழுத்தறிவு நாளான செப்டம்பர் 8 அன்று, பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசித்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தயங்காதிருக்க, சொற்களற்ற படநூல்களையும் வைத்திருந்தோம்.

நூலகப் பாடவேளையைக் காப்பதில் நாம் வெற்றி பெறவில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுவே. பள்ளி நூலகத்தை நடத்தத் தகுதி பெற்ற நூலகர் வேண்டுமென 1999-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பள்ளி நூலக அறிக்கை வலியுறுத்துகிறது. அத்தகையவர் இல்லாத பள்ளிகளில் அந்தப் பாடவேளைக்காகப் பேச ஆளில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நூலகப் பாடவேளையைத் தேர்வுக் காலத்திலும் நிறுத்தாதிருக்கவும், நூலகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்குச் சங்கச் செலவில் பயிற்சி அளிக்கவும் கோரும் இரு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்